குட்டி ஸ்டூலில் ஒரு கிண்ணம் ஃபோ

வியட்நாம் தலைநகர் ஹனோயின் பழைய நகர்ப் பகுதியில், பாட் டான் தெரு 49ஆம் எண் கடைக்கு முன்னால் காலையிலேயே நடைபாதையில் வரிசை நிற்கிறது. அலுவலகம் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கு விடப்போகும் அம்மா, கழுத்தில் கேமரா தொங்கும் வெளிநாட்டுக்காரர் என்று எல்லோருக்கும் ஒரே வரிசைதான். வரவேற்க ஆள் இல்லை. மெனு அட்டை இல்லை. சுவரில் ஒரு பலகை. அதில் எண்ணி நாலைந்து வரி. அரைவேக்காட்டு மாட்டிறைச்சி, நன்றாக வெந்தது, இரண்டும் கலந்தது. அவற்றில் ஒன்றைச் சொல்லி, காசை முதலில் நீட்ட வேண்டும். சூடான கிண்ணத்தைத் தானே தூக்கிக்கொண்டு போய் இடம் பிடிக்க வேண்டும். சாறு விளிம்பு வரை ததும்பும். கை சுட்டால் அது சாப்பிட வந்தவர் பாடு.

2023 ஜூனில் மிஷ்லான் உணவு வழிகாட்டி முதன்முறையாக வியட்நாமுக்கு வந்தபோது, குறைந்த விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களின் பட்டியலில் இந்தக் கடையும் இடம்பெற்றது. அந்தப் பெருமையால் ஸ்டூல்களுக்கு முதுகுச் சாய்வு முளைத்துவிடவில்லை. ஒரு கிண்ணத்தின் விலை சுமார் 50,000 முதல் 70,000 டாங். நம் கணக்கில் ஏறக்குறைய 170 முதல் 240 ரூபாய். அதில் நாற்காலிக்கும் ஏசிக்கும் பணிவான சிரிப்புக்கும் பங்கு கிடையாது. முழுக்கச் சாற்றுக்கும் இறைச்சிக்கும்தான்.

ஃபோ என்பது அரிசி நூடுல்ஸை இறைச்சிச் சாற்றில் போட்டுத் தரும் உணவு. சாறுதான் கடையின் மானம். மாட்டெலும்பைக் கொதிக்க வைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் எட்டு, பத்து மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிடுவார்கள். இஞ்சியையும் சின்ன வெங்காயத்தையும் நெருப்பில் கருகச் சுட்டு, தோலைச் சுரண்டிப் போடுவார்கள். அன்னாசிப்பூ, பட்டை, கருப்பு ஏலக்காய் ஆகியவற்றை வறுத்துத் துணியில் முடிந்து உள்ளே இறக்குவார்கள். கடைசியில் மீன் சாறும் உப்பும். நம் பிரியாணிக் கடையில் இருக்கும் சாமான்கள்தான் பாதி. ஆனால் எண்ணெயும் மிளகாய்த்தூளும் இல்லாததால் கிடைப்பது முற்றிலும் வேறு மணம். கடை காலை ஆறு மணிக்குத் திறக்கிறது என்றால், அடுப்பு முந்தின நாள் இரவே எரியத் தொடங்கியிருக்கும்.

சாறு இரவெல்லாம் வேகலாம். கிண்ணம் தயாராவதோ ஒரு நிமிடத்துக்குள். முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் வெந்த இறைச்சித் துண்டங்கள் கொக்கிகளில் தொங்குகின்றன. அதன் கீழே ஒருவர் கனத்த கத்தியும் மரக்கட்டையுமாக நிற்கிறார். பச்சை இறைச்சியை மெல்லிசாகச் சீவி, கத்தியின் பக்கவாட்டால் ஒரு தட்டுத் தட்டிப் பரத்துகிறார். அடுத்தவர் நூடுல்ஸை நீண்ட பிடி வைத்த கூடையில் போட்டு வெந்நீரில் முக்கி எடுத்து, ஒரு உதறு உதறிக் கிண்ணத்தில் கவிழ்க்கிறார். மேலே இறைச்சி, கைப்பிடி வெங்காயத்தாள், அதற்கும் மேலே கொதிக்கும் சாறு. சிவந்திருந்த இறைச்சி அந்தச் சூட்டிலேயே சாம்பல் நிறமாகிறது. இவ்வளவு நேரமும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

இந்த வேகம் எப்படிக் கைகூடுகிறது? கடையில் ஒரே பண்டம்தான் இருக்கிறது என்பதால். லோ டுக் தெருவில் உள்ள ஃபோ தின் கடை 1979இல் தொடங்கியது. அதன் நிறுவனர் நுயென் சோங் தின், இறைச்சியைப் பூண்டோடு வாணலியில் பிரட்டிப் போட்டு, மேலே வெங்காயத்தாளைக் குவித்துத் தந்தார். அது ஒன்றுதான் அங்கே வியாபாரம். இன்னொரு வழக்கம் இன்னும் பழையது: மஞ்சள் தடவிய மீனைச் சோயிக்கீரை சேர்த்து மேசையிலேயே வதக்கித் தரும் 'சா கா' என்ற பண்டம் அத்தனை பேர் பெற்றதால், அது விற்ற தெருவுக்கே சா கா தெரு என்று பெயர் வந்துவிட்டது. ஒரே பண்டம் என்றால் சரக்கு தேங்குவதில்லை. ஐஸ் பெட்டியில் மூன்று நாள் கிடக்கும் இறைச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. பானை காலியானால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். பத்தரை மணிக்குப் போய் நின்றுகொண்டு "இப்பவே முடிஞ்சுடுச்சா?" என்று கேட்பதில் பயனில்லை.

நம் ஊர் ஓட்டல்களின் பலகையில் தோசையில் மட்டும் முப்பது வகை எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, இந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் கடன் வாங்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

ஃபோவின் வயது நூறு வருடத்துக்குச் சற்றே கூடுதல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வட வியட்நாமில் அது உருவானது. அதற்கு முன் வியட்நாமிய விவசாயிக்கு மாடு உழவுக்குத்தான். பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்டார்கள், வெட்டியபின் எலும்பு மிஞ்சியது, எலும்பு சாறானது. ஹனோய்க்குத் தெற்கே உள்ள நாம் தின் பகுதியின் வான் கூ கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக ஃபோ வியாபாரிகள். தோளில் காவடிபோல் தூக்கிய கம்பில் ஒரு பக்கம் அடுப்பும் பானையும், மறுபக்கம் கிண்ணங்களுமாக அந்தக் காலத்து வியாபாரிகள் தெருத்தெருவாகப் போனார்கள். 2024 ஆகஸ்டில் ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் வியட்நாம் அரசு சேர்த்தது.

வரிசையில் நிற்பதும், காசை முதலில் கொடுப்பதும், தானே தூக்கிக்கொண்டு போவதும் ஹனோய்க்காரர்களுக்குப் பழகிய சங்கதி. அமெரிக்காவுடனான போரின்போதும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும், 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வரும்வரை, அங்கே எல்லாமே ரேஷன். அரசாங்க ஃபோ கடையில் கூப்பனும் வரிசையும் கட்டாயம். இறைச்சி கிடைக்காத நாட்களில் வெறும் சாறும் நூடுல்ஸும்தான். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'விமானி இல்லாத ஃபோ'. தலைக்கு மேலே அமெரிக்கா பறக்கவிட்ட ஆளில்லா உளவு விமானங்களைப் பார்த்துப் பிறந்த கேலி அது. கரண்டியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதென்று அதில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள் என்றும் அக்காலத்தவர் சொல்வார்கள். இன்றைக்குக் கடைகள் தனியார் கையில். கூப்பன் போயே போய்விட்டது. வாடிக்கையாளரைக் கடிந்துகொள்ளும் வழக்கம் மட்டும் சில இடங்களில் தங்கிவிட்டது. ஹனோயில் 'திட்டு வாங்கிச் சாப்பிடும் நூடுல்ஸ்' என்று பேர்பெற்ற கடைகளே உண்டு. அங்கே "கொஞ்சம் கூட இறைச்சி போடுங்க" என்றால் சட்டியும் பேசும், சொந்தக்காரம்மாவும் பேசுவார். ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் மனிதன் எதையும் பொறுத்துக்கொள்வான் போலிருக்கிறது.

அடுத்தது அந்த ஸ்டூல். முழங்கால் உயரம்கூட இல்லாத, சிவப்பிலோ நீலத்திலோ உள்ள பிளாஸ்டிக் ஸ்டூல். உட்கார்ந்தால் முட்டி மார்பில் இடிக்கும். ஆறடி ஆளுக்கு அது யோகாசனம். ஆனால் கடைக்காரருக்கு அது வரப்பிரசாதம். கடை பத்தடி அகலம். மீதி வியாபாரம் நடைபாதையில். குட்டி ஸ்டூல் என்றால் நான்கு பேர் இடத்தில் எட்டுப் பேர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மூலையில் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே முப்பது ஸ்டூலையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிடலாம். 2017இன் தொடக்கத்தில் ஹோ சி மின் நகரின் மத்தியப் பகுதியிலும் ஹனோயிலும் நடைபாதையை மீட்கப் பெரிய நடவடிக்கை நடந்தது. படிக்கட்டுகளைக்கூட இடித்தார்கள். சில மாதங்களில் ஸ்டூல்கள் திரும்ப வந்துவிட்டன.

2016 மே மாதம் அந்த ஸ்டூலில் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவே உட்கார்ந்தார். ஹனோயின் லே வான் ஹூ தெருவில் உள்ள ஹுவோங் லியென் என்ற கடை. எதிரே சமையல்காரரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டெய்ன், தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக. சாப்பிட்டது 'பூன் சா'. கரியில் சுட்ட பன்றியிறைச்சித் துண்டுகள், இனிப்பும் புளிப்புமான வெதுவெதுப்பான மீன் சாற்றில் பச்சைப் பப்பாளிச் சீவலோடு மிதக்கும். பக்கத்தில் இடியாப்பம் போன்ற மெல்லிய அரிசி நூடுல்ஸும் ஒரு கூடைக் கீரையும். கொஞ்சம் நூடுல்ஸ், கொஞ்சம் கீரை என்று எடுத்துக் கிண்ணத்தில் நனைத்து நனைத்துச் சாப்பிட வேண்டும். இருவருக்கும் பீரோடு சேர்த்து மொத்த பில் 6 டாலர். கொடுத்தவர் போர்டெய்ன். அவர்கள் சாப்பிட்ட மேசையைக் கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மெனுவில் 'ஒபாமா செட்' சேர்ந்தது. மற்ற மேசைகளில் வியாபாரம் வழக்கம்போல் நடக்கிறது.

தெற்கே, சைகோன் என்ற பழைய பெயரை மக்கள் இன்னும் விடாத ஹோ சி மின் நகரில், ஃபோவின் சுபாவம் கொஞ்சம் மாறுகிறது. 1954இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து சுமார் பத்து லட்சம் பேர் தெற்கே குடிபெயர்ந்தார்கள்; ஃபோவும் கூடப் போனது. தெற்கத்தியருக்கு இனிப்பும் பச்சிலையும் வேண்டும். அதனால் திருநீற்றுப்பச்சிலை, நீள மல்லி இலை, முளைவிட்ட பயறு, எலுமிச்சை, மிளகாய் என்று ஒரு தட்டு தனியாக வரும். கூடவே இனிப்புச் சோயா விழுதும் மிளகாய் விழுதும். ஹனோய்க்காரர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். "சாற்றின் சுவையையே கெடுத்துவிட்டார்கள்" என்பார். சைகோன்காரருக்கோ ஹனோய்க் கிண்ணம் வெறிச்சோடிக் கிடப்பதாகப் படும். இந்தச் சண்டை தீரப்போவதில்லை.

சைகோனின் ஃபோ பின் கடைக்கு வேறொரு கதை. லீ சின் தாங் தெரு 7ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களும் வந்து ஃபோ சாப்பிட்டார்கள். மேல்மாடியில், அதே காலத்தில், வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் ரகசியக் குழு கூடிக்கொண்டிருந்தது. 1968 ஜனவரி இறுதியில், சந்திரப் புத்தாண்டு நேரத்தில் சைகோன்மீது நடந்த பெரும் தாக்குதலுக்கு இங்கிருந்துதான் உத்தரவு போனது. கடைக்காரர் நோ தோவாய் கைதானார். இன்று அது வரலாற்றுச் சின்னம். கீழே இப்போதும் ஃபோ கிடைக்கிறது.

2023 இறுதியில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் விட்டபிறகு, தமிழ்நாட்டிலிருந்து வியட்நாம் போகிறவர்கள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்பதுதான். தமிழருக்கு அந்த ஊர் அப்படியொன்றும் அந்நியமில்லை. பிரெஞ்சு ஆட்சியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சைகோனில் வட்டிக்கடை நடத்தினார்கள். புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் அரசு வேலை பார்த்தார்கள். சுவோங் தின் தெரு மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியர்கள் வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். தேங்காய்ப் பாலில் கோழியை வேகவைத்து ரொட்டியோடு தரும் 'கா ரி' தெற்கத்தித் தெருக்கடைகளில் சாதாரணம்.

மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்குக் கோழி ஃபோ இருக்கிறது. 'ஃபோ கா' என்று கேட்கலாம். கோழியைக் கையால் பிய்த்து, எலுமிச்சை இலையை நூலாக நறுக்கிப் போட்டுத் தரும் அதற்கும் தனிக் கடைகள் உண்டு. சைவக்காரர்கள் சாதாரண ஃபோ கடையில் "இறைச்சி மட்டும் வேண்டாம்" என்று சொல்லித் தப்ப முடியாது. சாறே எலும்பு, அதில் நெத்திலியை உப்பில் ஊறவைத்து ஏறக்குறைய ஒரு வருடம் மரத்தொட்டியில் வைத்து வடித்த மீன் சாறும் உண்டு. 'சாய்' என்று பலகை போட்ட கடையைத் தேட வேண்டும். பௌத்தர்களுக்கான சுத்த சைவக் கடை அது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் வியட்நாமியர்களே விரதமிருந்து அங்கே வருவார்கள். அன்றைக்கு அங்கேயும் வரிசைதான்.

கூட்டமுள்ள கடையில் நுழைந்ததும் இடத்துக்காகக் காத்து நிற்கக் கூடாது. எந்த மேசையில் ஸ்டூல் காலியோ அங்கே உட்கார வேண்டியதுதான். எதிரே இருப்பவர் ஏன் என்று கேட்க மாட்டார். மேசையில் டின்னில் நிற்கும் குச்சிகளையும் கரண்டியையும் எடுத்துத் தாளால் துடைத்துக்கொள்வது உள்ளூர்க்காரர் பழக்கமே. பரிமாறுபவர் இளையவர் என்றால் "எம் ஓய்!" என்று சத்தமாகக் கூப்பிடலாம், மெல்லிய குரலும் நாகரிகமான கையசைப்பும் அங்கே எடுபடாது. முதலில் சாற்றை அப்படியே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு எலுமிச்சையும் மிளகாயும் சேர்ப்பது நல்லது. ஹனோயில் பூண்டும் மிளகாயும் ஊறிய காடி இருக்கும். இரண்டு கரண்டி போதும். எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி 'க்வே' கிடைத்தால் விடக்கூடாது. சாற்றில் நனைத்துச் சாப்பிட வேண்டும். சைகோனின் சில பழைய கடைகளில் க்வேயும் வாழைப்பழமும் இலையில் கட்டிய இறைச்சிக் கேக்கும் கேட்காமலே மேசையில் இருக்கும். அது இலவசம் இல்லை. எடுத்தவற்றை எண்ணிக் காசு வாங்குவார்கள். பாக்கெட்டில் வரும் ஈரத் துண்டுக்கும் அப்படித்தான்.

சாப்பிட்டு முடித்தால் எழுந்துவிட வேண்டும். பின்னால் ஆள் நிற்கிறது. நெருக்கடியான கடைகளில் பெரும்பாலும் ரொக்கமே சுலபம். கொடுக்கும்போது மட்டும் நோட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம்.