முதல் தட்டு – 9: இரண்டு விரல் நுனிகள்

பீட்டில்ஸ் நால்வர் 1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி, ஒரே நாளில் தங்கள் முதல் இசைத்தட்டின் பெரும்பகுதியைப் பாடி முடித்த கதை சென்ற வாரத்தோடு தீர்ந்தது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரத்துக்கென்று நான் வாக்களித்திருந்த விஷயம், பர்மிங்ஹாம் நகரத்துப் பிளாக் சபாத் கோஷ்டியின் முதல் தட்டும், முக்கியமாக அதன் உறையில் அச்சிட்ட விசித்திரமான சித்திரமுமாகும். அதை எழுதுவதற்காகவே குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினேன். கட்டுரை இன்னும் வந்து சேரவில்லையே என்று ஆசிரியரும் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். ஆயினும் அந்தக் குறிப்புகளின் நடுவே, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் அடைத்து விற்கிற ஒரு பிளாஸ்டிக் பாட்டில் குறுக்கிட்டு, இந்த வாரத்துப் பக்கங்களில் முக்கால் பங்கைத் தன் பெயருக்கே சாசனம் செய்துகொண்டுவிட்டது.

பாட்டிலுக்கு வருமுன் பட்டறைக்குப் போக வேண்டும். பர்மிங்ஹாமில் ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் வளர்ந்த டோனி அயோமி, பிளாக் சபாத்தின் கிதார்க்காரர், இடது கைப் பழக்கமுள்ளவர்; ஆகவே கிதாரின் தந்திகளை அழுத்துகிற வேலை அவருக்கு வலது கையைச் சேர்ந்தது. பதினேழு வயதில், தகடு வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராயிருந்தவருக்கு, ஜெர்மனிக்குச் செல்லவிருந்த ஓர் இசைக் கோஷ்டியில் இடம் கிடைத்துவிடவே, வேலையைத் துறக்க முடிவு செய்தார். கடைசி நாளன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிமேல் திரும்பிப் போவானேன் என்று சோம்பியபோது, எடுத்த காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அவருடைய தாயார் கண்டித்து அனுப்பினார். அன்று தகடு வளைக்கும் பிரஸ்ஸில் வழக்கமாக நிற்கும் ஆள் வரவில்லை. பழக்கமில்லாத அந்த யந்திரத்தில் அயோமியை நிறுத்தினார்கள். பிரஸ் கைமேல் இறங்கியது. பதறிப்போய்க் கையை அவர் வெடுக்கென்று இழுத்தார். நடு விரலின் நுனியும் மோதிர விரலின் நுனியும் யந்திரத்தோடு தங்கிவிட்டன. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளைக்குக் கிடைத்த சன்மானத்தை என்னவென்று சொல்வது! கிதாரை மறந்துவிட வேண்டியதுதான் என்று வைத்தியர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

மனமுடைந்து வீட்டில் கிடந்தவரைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் ஒருவர், பழத்துக்கும் ரொட்டிக்கும் பதிலாக ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். கிதார் வாசிக்க முடியாத நிலையில் வேறொருவனுடைய கிதாரைக் கேட்பதா என்று பிள்ளையாண்டான் முகம் சுளித்தபோதிலும், அவர் வற்புறுத்திக் கேட்கச் செய்து, வாசிப்பு முடிந்த பிறகுதான் விஷயத்தை உடைத்தார்: ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் அந்த மேதைக்கு, 1928-இல் அவர் குடியிருந்த வண்டி வீடு தீப்பற்றியதில் இடது கையின் இரு விரல்கள் முடங்கிப்போயிருந்தன, தனி வாசிப்பு முழுவதையும் எஞ்சிய இரு விரல்களாலேயே அவர் நடத்திவந்தார். ராக் இசைச் சரித்திரத்தில் பெரிய பெரிய தயாரிப்பாளர்களின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். அந்த மேலாளர் செய்ததற்கு நிகரான உபகாரத்தை அவர்களில் எத்தனை பேர் செய்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

இங்கேதான் அந்தப் பாட்டில் பிரவேசிக்கிறது. ஃபேரி லிக்விட் பாட்டிலை அயோமி சூட்டில் உருக்கி, சிறிய உருண்டையாகப் பிடித்து, ஆறியபின் பற்றவைக்கும் கோலைப் பழுக்கக் காய்ச்சி அதில் விரல் நுழையுமளவுக்குத் துளை செய்தார், கத்தியால் செதுக்கினார், பிறகு உப்புத்தாளை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து, தையற்காரர் அங்குஸ்தானத்தை ஒத்த இரண்டு குப்பிகளை உண்டாக்கினார். வெறும் பிளாஸ்டிக் உலோகத் தந்தியின்மேல் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட் ஒன்றிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டிப் பார்த்தார், பிடிமானம் கிடைத்தது. வைத்தியர்கள் கைவிட்ட காரியத்தை, வெல்டிங் கற்ற ஒரு பையன் வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டே சாதித்தான் என்பதை வாசித்தபோது எனக்குண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை.

குப்பி மாட்டிய விரலுக்குத் தந்தியின் ஸ்பரிசம் தெரியாது. போதுமான அளவு அழுத்தியிருக்கிறோமா என்பதைக் காதுதான் விரலுக்குச் சொல்ல வேண்டும். அக்காலத்துக் கிதார்த் தந்திகளோ முரட்டுத் தந்திகள். மெல்லியவற்றைச் செய்து தரும்படி கேட்டபோது, விற்பனையாகாது என்று கம்பெனிகள் மறுத்தன. ஆகவே பாஞ்ஜோ என்னும் வேறொரு வாத்தியத்தின் தந்திகளை வாங்கி முதல் இரண்டு இடங்களில் மாட்டி, மற்றவற்றை ஒவ்வோர் இடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார். பல ஸ்வரங்களை அடுக்கி வாசிக்கும் முழு அடுக்குகள் சில கைக்கு எட்டாமற்போகவே, இரண்டே ஸ்வரங்களைக் கொண்டு கனமாக அறையும் முறை அவருக்கு இயல்பாயிற்று. தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கிக்கொண்டது கோஷ்டியின் முதல் தட்டில் என்று சொல்லித் திரிவோர் உண்டு. அது 1971-இல் வந்த மூன்றாவது தட்டின் சமாசாரம்.

இந்த இசையின் கனத்துக்குக் காரணம், பர்மிங்ஹாம் ஆலைகளில் இரவும் பகலும் ஒலித்த சம்மட்டி ஓசையே என்று ரசிக எழுத்தாளர்கள் கவிதாவேசத்தோடு எழுதுவதுண்டு. கேட்க அழகாயிருக்கிறது, எனக்குச் சம்மதமில்லை. அதே சம்மட்டியோசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த ஊரில் ஆயிரமாயிரம் பேர். அவர்களெல்லாம் இப்படி வாசிக்கவில்லை. குறைபட்ட ஒரு கையும், அந்தக் கைக்கு ஏற்றபடி வாத்தியத்தைத் திருத்திக்கொண்ட தொழிலாளியின் புத்தியும்தான் மூல காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். பாடகர் ஆஸி ஆஸ்போர்னுக்கும் ஆலை வாசம் உண்டு. தம் தாயார் வேலை பார்த்த லூகாஸ் தொழிற்சாலையில் மோட்டார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கும் உத்தியோகத்தில் சிறிது காலம் இருந்தார். இசைத் துறையில் தாம் வகித்த முதல் பதவி அதுவே என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தால் யார் மறுத்திருக்க முடியும்?

இனித் தட்டு. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, அயோமி, ஆஸ்போர்ன், பாஸ் கிதார் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்டு ஆகிய நால்வரும் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் நுழைந்தார்கள். ஒருவருக்கும் இருபத்திரண்டு வயது நிரம்பவில்லை. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். ஒலிப்பதிவு டாம் ஆலம். ஆஸ்போர்னைத் தனி அறையில் நிற்க வைத்து, மேடையில் வாசிப்பது போலவே எல்லோரும் ஏககாலத்தில் வாசித்துச் சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டு, மறுநாளே சுவிட்சர்லாந்தில் கச்சேரி செய்யப் புறப்பட்டுவிட்டார்கள். முதலில் பதிவு செய்த பாட்டு முடிந்ததுமே அயோமியின் ஃபெண்டர் கிதாரில் ஒலி வாங்கும் காந்தப் பகுதி பழுதுபட்டதால், மாற்றாகக் கொண்டுவந்திருந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்தார். பிற்காலத்தில் அவரையும் அந்த வாத்தியத்தையும் பிரித்து நினைக்கவே முடியாதபடி ஆயிற்று.

ஒரே நாளில் முடிந்ததை அற்புதம் என்று கொண்டாட நான் தயாராயில்லை. 1968 டிசம்பரில் ஜெத்ரோ டல் கோஷ்டியில் சில வாரம் இருந்து பார்த்த அயோமி, நேரம் தவறாமல் உழைப்பதே கோஷ்டிக்கு உயிர் என்று கற்றுத் திரும்பி, தம் சிநேகிதர்களையும் காலை ஒன்பது மணிக்கே ஒத்திகைக்கு இழுத்தார். ஹாம்பர்கில் ஸ்டார் கிளப்பில், பீட்டில்ஸ் நின்ற அதே மேடையில், நாளொன்றுக்குப் பல தடவை ஏறி வாசித்துத் தேர்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பதிவானது அந்த அப்பியாசந்தான்.

கோஷ்டியின் பெயரையே தாங்கித் தட்டின் தொடக்கத்தில் நிற்கும் பாட்டின் அடிப்படை, மூன்றே ஸ்வரங்கள்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்தியமம். ஹோல்ஸ்ட் இயற்றிய 'கோள்கள்' என்னும் வாத்திய இசைத் தொகுதியில் செவ்வாயைக் குறிக்கும் பகுதியைப் பட்லர் தம் பாஸ் கிதாரில் மீட்டிக்கொண்டிருந்ததிலிருந்து அயோமிக்கு அது முளைத்ததாம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சாத்தானோடு சேர்த்துப் பேசுவது ஐரோப்பிய சங்கீத சாஸ்திரிகளிடையே வழக்கம். கல்யாணி ராகத்தில் அதே மத்தியமத்தைக் கேட்டு மகிழ்ந்த நம் செவிக்கு அந்த ஸ்வரத்தில் பயங்கரம் எதுவும் தென்படாது. அப்படியிருந்தும் இந்தப் பாட்டைக் கேட்டால் நமக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. பயம் ஸ்வரத்தில் இல்லை, அதை இழைத்துக் கொஞ்சாமல் மொட்டையாக நிறுத்தி, அடுத்த அடி விழுவதற்குள் பொறுமை இழக்கச் செய்யும் அந்த மந்தமான காலப்பிரமாணத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் கேட்கும் மழையும் மாதா கோயில் மணியும் பின்னால் சேர்க்கப்பட்டவை.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வெர்ட்டிகோ நிறுவனம் தட்டை வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ் அதை ஏளனம் செய்து எழுதினார். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது 8-ஆம் இடத்துக்கு ஏறியது.

உறைச் சித்திரத்துக்கு இந்த வாரம் இடமில்லை. தேம்ஸ் நதிக்கரையில் மேப்பிள்டர்ஹம் நீராலையின் முன் நிற்கும் கறுப்பு அங்கி மாதையும், கோஷ்டியைக் கேளாமலே உறையின் உட்பக்கத்தில் கம்பெனி அச்சிட்டுவைத்த தலைகீழ்ச் சிலுவையையும் அடுத்த வாரம் பார்ப்போம். அந்தப் பழைய பிரிட்டிஷ் பதிப்பை வைத்திருக்கும் வாசகர்கள் யாரேனும் இருந்தால், அதற்குள் உறையை விரித்து ஒரு முறை பார்த்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.