எதிரும் புதிருமாகப் பறந்த பந்தயம்

பந்தயம் என்றால் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டு, ஒரே திசையில் ஓடி, ஒரே இடத்தில் போய் முடிப்பது என்றுதான் நாம் அறிவோம். கிண்டியில் குதிரைகள் ஓடியதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாக்குக்குள் காலை நுழைத்துக் கொண்டு குதிப்பதும் அப்படித்தான். ஒருவன் கிழக்கே பார்த்தும் மற்றொருவன் மேற்கே பார்த்தும் புறப்பட, இருவரும் நடுவழியில் சந்தித்து க்ஷேமலாபம் விசாரித்துக் கொண்ட பந்தயம் எங்கேயாவது உண்டா? உண்டு. 1930-ம் வருஷத்தில், தேசமெங்கும் உப்புச் சத்தியாக்கிரகமே பேச்சாக இருந்த அதே மாதங்களில், ஆகாயத்தில் அப்படி ஒரு பந்தயம் நடந்தது.

முந்திய வருஷம் நவம்பரில் ஆகாகான் அவர்கள் ஒரு பரிசை அறிவித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ, இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ, துணையில்லாமல் தனி ஆளாக விமானம் ஓட்டிச் சேரும் முதல் இந்தியருக்கு 500 பவுன். அன்றைய கணக்கில் 6,600 ரூபாய்க்குச் சற்று மேல். எந்தத் திசையிலும் பறக்கலாம். எந்த நாளிலும் புறப்படலாம். ஆனால் புறப்பட்ட நாளிலிருந்து குறித்த கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். விமானத்தின் விலையே 600 பவுனுக்கு மேல் என்பதைப் பார்த்தால், பணத்துக்கு ஆசைப்பட்டு யாரும் இதில் இறங்கியிருக்க முடியாது என்பது விளங்கும்.

பின் எதற்காக இறங்கினார்கள்? லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் 1929 மார்ச் 30-ந் தேதிதான் வாரம் ஒரு முறை விமானத் தபால் ஆரம்பித்திருந்தார்கள். ஏழு நாள் பிரயாணம். அதிலும் ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டும். விமானம் நம் தேசத்துக்கு வந்தது, ஓட்டியவர்கள் அந்நியர்கள். இந்தியாவில் வழங்கப்பட்ட விமானி லைசென்ஸுகளில் முதலாவது 1929 பிப்ரவரி 10-ந் தேதியிட்டது. அதைப் பெற்றவர் ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா. இந்திய விமானப் படை என்று ஒன்று ஏற்பட்டது 1932 அக்டோபரில்தான். இந்தியனுக்கு மோட்டார் ஓட்ட வரும், விமானம் ஓட்ட வருமா என்று சந்தேகப்பட்டவர்கள் இங்கிலாந்தில் மட்டுமல்ல, இங்கேயும் இருந்தார்கள். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லத்தான் மூன்று இளைஞர்கள் புறப்பட்டார்கள்.

அவர்கள் ஏறிய வாகனத்தையும் சற்றுப் பார்த்துவிடுவோம். 'ஜிப்ஸி மாத்' என்று பெயர். மாத் என்றால் விட்டில் பூச்சி. பொருத்தமான பெயர்தான். மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி வார்னிஷ் பூசியது. மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கைகள். கொட்டகையில் இடம் போதாவிட்டால் அந்த இறக்கைகளைப் பின்னால் மடித்து வைத்துக் கொள்ளலாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆசனங்கள், இரண்டும் திறந்த குழிகள். தனியாகப் போகிறவர் பின் ஆசனத்தில் உட்கார வேண்டும். வெயிலும் மழையும் மணலும் நேராக முகத்தில் வந்து மோதும். நாலு ஸிலிண்டர்களும் ஏறத்தாழ 100 குதிரை சக்தியும் உள்ள ஒரே ஒரு என்ஜின். அதைக் கிளப்புவதற்கு யாராவது எதிரே நின்று, முன்னால் இருக்கும் விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும். மணிக்குச் சுமார் 85 மைல் வேகம். ரேடியோ கிடையாது. சக்கரத்துக்குப் பிரேக் கூடக் கிடையாது. ஒரு திசைகாட்டி, உயரம் காட்டும் முள், வேகம் காட்டும் முள், மடியில் ஒரு தேசப்படம், அவ்வளவுதான்!

லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே ஏறக்குறைய 5,000 மைல். 85 மைல் வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் 60 மணி நேரம் பறந்தால் வந்துவிடலாம். கணக்கு வாத்தியாருக்கு அது சரி, விமானிக்குச் சரிப்படாது. புயல் ஓயக் காத்திருப்பதும், பெட்ரோலைத் தோல் வைத்து வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவதும், ஒவ்வொரு ராஜ்யத்திலும் இறங்கி அதிகாரிகளிடம் அநுமதிச் சீட்டைக் காட்டுவதும், இரவில் என்ஜினைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதுமாகவே நாட்கள் போய்விடும். இத்தனையையும் ஒருவரே செய்ய வேண்டும். மறுநாள் விடியற்காலையில் அவரேதான் ஓட்டவும் வேண்டும்.

மூவரில் முதலில் கிளம்பியவர் ராவல்பிண்டியைச் சேர்ந்த ஸர்தார் மன்மோகன் சிங். அவர் தம் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று நாமகரணம் செய்தார். இங்கிலீஷில் 'மிஸ்' என்றால் குமாரி என்றும் பொருள். குறி தவறுவது என்றும் பொருள். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அவர் வழி தவறி இரண்டு தடவை திரும்ப நேர்ந்ததும், லண்டனில் ஒரு விமானப் பத்திரிகாசிரியர் அந்தப் பெயரை வைத்தே சிலேடையாகக் கேலி செய்தார்: பெயருக்கேற்றபடி இவர் இந்தியாவைத் தவறவிட்டு விடுவார் போலிருக்கிறதே என்று! ஸர்தார் மனம் தளரவில்லை. மூன்றாம் முறையும் கிளம்பினார்.

இரண்டாமவர் ஸ்ரீ ஆஸ்பி என்ஜினீயர். பார்ஸி வகுப்பினரிடையே தொழிலே குடும்பப் பெயராகி விடுவது வழக்கமாதலால், இது இவர் படித்துப் பெற்ற பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இவருக்கு அப்போது வயது பதினேழு! நம் வீடுகளில் பதினேழு வயதுப் பையனை அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குத் தனியாக அனுப்புவதென்றாலே பாட்டிமார் எத்தனை எச்சரிக்கை சொல்லுவார்கள்! இவரோ 1930 மார்ச் 3-ந் தேதி ஸ்ரீ ஆர். என். சாவ்லா என்பவருடன் ஜிப்ஸி மாத் ஒன்றில் கராச்சியிலிருந்து கிளம்பி, 20-ந் தேதி லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டன் விமான நிலையத்தில் போய் இறங்கினார். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு விமானம் ஓட்டிச் சென்ற முதல் இந்தியர்கள் இவ்விருவருமே. காந்தி மகான் தண்டியை நோக்கி நடக்கத் தொடங்கிய 12-ந் தேதி இவர்கள் வழியில் இருந்தார்கள். ஆனால் விமானத்தில் இருந்தவர்கள் இருவராதலால் ஆகாகான் பரிசுக்கு அந்தப் பயணம் உதவவில்லை. ஆகவே வீடு திரும்பும் பயணத்தையே போட்டிப் பயணமாக்கிக் கொள்ளத் துணிந்தார், அந்தப் பிள்ளை. ஏப்ரல் 25-ந் தேதி கிராய்டனிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார்.

மூன்றாமவர் ஸ்ரீ டாட்டா. அவருக்கு இருபத்தைந்து வயது. அவர் இங்கிருந்து அங்கே போகத் தீர்மானித்து, மே 3-ந் தேதி கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்பினார்.

கராச்சியை விட்டால் பாரசீக வளைகுடாக் கரையோரமாகவே போக வேண்டும். ஒரு பக்கம் உப்புக் கடல், மறு பக்கம் புல் முளைக்காத மலை. மே மாதத்து உஷ்ணத்தில் காற்று இலேசாகி விடுவதால், விமானம் தரையை விட்டு எழும்புவதற்கே வெகு தூரம் ஓட வேண்டியிருக்கும். அதனால்தான் விமானிகள் விடியற்காலையில் கிளம்பிவிட விரும்புவார்கள். பாஸ்ரா, பாக்தாத் தாண்டினால் பாலைவனம். வழி காட்ட ஒரு மரமோ ஆறோ கிடையாது. 1921-ல் பிரிட்டிஷ் விமானப் படையின் கெய்ரோ-பாக்தாத் தபாலுக்காக அந்தப் பாலைவனத்தில் மைல் கணக்காக மோட்டார்த் தடமும் ஏர்ச்சாலும் போட்டு வைத்தார்கள், ஆகாயத்திலிருந்து பார்த்துக்கொண்டே போவதற்கு. விதைக்காத நிலத்தில், அறுவடையை எதிர்பாராமல் உழுத உழவு உலகத்தில் அது ஒன்றுதானோ என்னவோ!

இப்படி ஒருவர் கிழக்கேயும் ஒருவர் மேற்கேயும் வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சந்திப்பு நேர்ந்தது.

எகிப்து தேசத்தில், அலெக்ஸாண்டிரியாவுக்குப் பக்கத்தில், அபூகிர் என்று ஓர் ஊர். 1798-ல் நெல்ஸன் பிரெஞ்சுக் கப்பல்களைத் தீ வைத்து அழித்தது அந்த ஊர்க் குடாவில்தான். அங்கிருந்த விமான நிலையத்தில் டாட்டா வந்து இறங்கியபோது, மற்றொரு ஜிப்ஸி மாத் சும்மா நின்றுகொண்டிருந்தது. யாருடையது என்று விசாரித்தார். ஆஸ்பி என்ஜினீயருடையது!

பையன் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். காரணம் மிகவும் அற்பம், ஸ்பார்க் பிளக். ஸிலிண்டருக்குள் வரும் பெட்ரோல் ஆவியைத் தீப்பொறியால் பற்ற வைக்கும், விரல் நீளமே உள்ள கருவி. ஸிலிண்டருக்கு இரண்டாக ஜிப்ஸி என்ஜினில் எட்டு உண்டு. அது கெட்டுவிட்டால் என்ஜின் திணறும். கடலின் மேலோ பாலைவனத்தின் மேலோ திணறினால் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றிப் போட உபரிப் பிளக்குகளை ஆஸ்பி எடுத்து வரவில்லை. டாட்டாவிடம் இருந்தன.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கலாம். டாட்டா ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தீங்கும் செய்ய வேண்டியதில்லை. பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, பையனுக்குக் கை ஆட்டிவிட்டு மேலே கிளம்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தம் வழியிலும் என்ஜின் தகராறு வரலாம், உபரிப் பிளக்குகள் தமக்கே தேவைப்படலாம் என்று நினைத்திருந்தால் அது சுயநலம் கூட அல்ல, முன்யோசனை. எதிரில் மத்தியதரைக் கடல் வேறு காத்திருந்தது. அவர் பிளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பிக்கும் சும்மா வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. கடலில் விழுந்தால் மிதப்பதற்காக விமானிகள் அணியும் மிதவைச் சட்டை அவரிடம் இருந்தது. அவரோ கடலைத் தாண்டி வந்துவிட்டார். இனி அவருக்குப் பெரும்பாலும் மணல்தான். டாட்டாதான் கடலைத் தாண்ட வேண்டும். சட்டையைக் கழற்றி டாட்டாவிடம் கொடுத்து, அவசியம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் இது மோசமான பண்டமாற்று அல்ல. ஒருவர் பந்தயத்தைக் கொடுத்தார். மற்றவர் உயிருக்குக் காவல் கொடுத்தார். பிறகு ஒருவர் கிழக்கே போனார், ஒருவர் மேற்கே போனார்.

மே 5-ந் தேதி காந்திஜியைச் சர்க்கார் கைது செய்தார்கள். ஊரெல்லாம் ஹர்த்தாலும் ஊர்வலமுமாக இருந்த அந்த வாரத்தில் இந்தப் பந்தயத்தின் முடிவைத் தேடிப் பத்திரிகை புரட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! மே 11-ந் தேதி ஆஸ்பியின் விமானம் கராச்சியில் இறங்கியது. கிராய்டனை விட்டுப் பதினேழாவது நாள். டாட்டா லண்டன் போய்ச் சேர்வதற்குச் சில மணி நேரம் முந்தியே பந்தயம் முடிந்துவிட்டது. பிளக்குகளைக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்று வாசகர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாட்டா அந்தக் கணக்கைப் போட்டு வருந்தியதாகத் தெரியவில்லை. வயது முதிர்ந்த பிறகும் இந்தக் கதையைச் சந்தோஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வெற்றி ஆஸ்பி விமானப் படையில் சேருவதற்கு உதவியது என்பதில் அவருக்குத் திருப்தி.

ஸர்தார் மன்மோகன் சிங் என்ன ஆனார்? உண்மையில் ஆஸ்பிக்கு முன்பே கராச்சிக்கு வந்துவிட்டவர் அவர்தான்! ஆனால் தென் பிரான்ஸில், மார்ஸேல்ஸ் அருகே, சேற்று நிலத்தில் இறங்க நேர்ந்து, விமானத்தைப் பழுது பார்ப்பதில் நாட்கள் போய்விட்டன. கெடு தாண்டிவிட்டதால் பரிசு இல்லை. பரிசு விதிகளை எழுதியவர்கள் சேற்றில் இறங்கிப் பார்த்தவர்கள் அல்லவென்றே எனக்குத் தோன்றுகிறது. தனியாகப் பறந்து தாய்நாடு சேர்ந்தார் என்ற புகழிலாவது அவருக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கலாம். கேலி செய்த பத்திரிகாசிரியருக்கு அவர் விமானத்தாலேயே பதில் சொல்லிவிட்டார். பிற்பாடு இரண்டாவது மகா யுத்தத்தில் கடல் விமானம் ஓட்டினார்; 1942 மார்ச் 3-ந் தேதி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் புரூம் துறைமுகத்தை ஜப்பானியர் தாக்கியபோது உயிர் துறந்தார்.

ஆஸ்பி என்ஜினீயர் இங்கிலாந்தில் கிரான்வெல் விமானக் கல்லூரியில் பயின்று படையில் சேர்ந்தார். 1960 டிசம்பரில் சுதந்திர இந்தியாவின் விமானப் படைத் தளபதியாகி, 1964 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவருடைய சகோதரர்களும் அதே படையில் சேர்ந்தவர்களே.

டாட்டாவின் கதை எல்லோரும் அறிந்தது. ஆனாலும் நம் சென்னையைத் தொட்ட பகுதியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1932 அக்டோபர் 15-ந் தேதி அவர் 'புஸ் மாத்' என்ற சிறு விமானத்தில் தபால் மூட்டையை வைத்துக்கொண்டு கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு வந்தார். ஆமதாபாதில் அவருக்கு வேண்டிய பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன! பம்பாயிலிருந்து நெவில் வின்ஸெண்ட் என்பவர் அந்தத் தபாலை வாங்கிக்கொண்டு, பல்லாரியில் இராத் தங்கி, மறுநாள் சென்னையில் கொண்டுவந்து சேர்த்தார். அன்று ஆரம்பித்த தபால் போக்குவரத்தே பின்னாளில் ஏர்-இந்தியா ஆயிற்று.

அதற்குச் சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1982 அக்டோபர் 15-ந் தேதி, எழுபத்தெட்டு வயதுக் கிழவராக டாட்டா மறுபடியும் ஒரு பழைய 'லெபர்ட் மாத்' விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தார். உபரிப் பிளக்குகளை மறக்காமல் எடுத்து வந்தாரா என்று அவரை யாராவது கேட்டிருக்கலாம்.