பூட்டும் சாவியும் ஒரே இடத்துல இருந்தா?

போடிநாயக்கனூர்ல இருந்து பேசுறேன். இன்னிக்கு நாம பார்க்கப்போறது, கம்பெனிகள் தங்களோட பாஸ்வேர்டுகளை எங்க வைக்கிறாங்க, அது எப்படித் திருடு போகுதுங்கிற விஷயம். ஏலக்காய் ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சம்பந்தம் இருக்கு.

2024 ஜூலை 31. நாடு முழுக்க சுமார் 300 சின்ன வங்கிகளோட பணப் பரிமாற்றம் நின்னுபோச்சு. இதுல நிறைய கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அவங்களுக்குத் தொழில்நுட்பச் சேவை தர்ற சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதல்ல மாட்டினதால, யுபிஐ-யை நடத்துற என்பிசிஐ அதோட இணைப்பைத் தற்காலிகமா துண்டிச்சது. மறுநாள் சரியாச்சு.

ஆரம்பம் எங்க? சி-எட்ஜோட சேர்ந்து வேலை செஞ்ச ப்ரான்டூ நிறுவனத்துல, சரியா அமைக்காத ஒரு ஜென்கின்ஸ் சர்வர்லதான்னு கிளவுட்செக் நிறுவனத்தோட ஆய்வு சொல்லுது.

ஜென்கின்ஸ் ஒரு ஆட்டோமேஷன் சர்வர். டெவலப்பர் எழுதின கோடை எடுத்து, சோதிச்சு, தானாவே சர்வர்ல ஏத்திவிடும். அதுக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கிளவுட் சாவின்னு எல்லாமே அது கைல இருக்கணும். அதையெல்லாம் பத்திரப்படுத்தத்தான் கிரெடென்ஷியல்ஸ் பிளகின்.

பாஸ்வேர்டுகள் அங்க மறையாக்கம் செஞ்சுதான் இருக்கும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கும் யாரையும் கேட்காம வேலை நடக்கணுமே! அதனால மறையை அவிழ்க்கிற சாவியும் அதே மெஷின்ல, இன்னொரு ஃபோல்டர்ல கிடக்கும். ஏலக்காய் ஸ்டோரைப் பூட்டிட்டு, சாவியை வாசல் நிலை மேலயே வைக்கிற மாதிரி. சில பிளகின்கள் இன்னும் மோசம். பாஸ்வேர்டை மறைக்காம அப்படியே ஃபைல்ல எழுதி வச்சிருந்தது. 2019 ஏப்ரல்ல ஜென்கின்ஸ் குழுவே அப்படிப்பட்ட பிளகின்களைப் பெரிய பட்டியலா வெளியிட்டது.

ஆக, அந்த மெஷின்ல உள்ள ஃபைலைப் படிக்க ஒரு ஓட்டை கிடைச்சா போதும். 2024 ஜனவரியில அப்படி ஒண்ணு வெளிய வந்துச்சு: சிவிஇ-2024-23897. ஜென்கின்ஸ் கமாண்ட் லைன்ல '@' போட்டு ஃபைல் பேரைக் கொடுத்தா, உள்ள இருக்கிறதைப் படிச்சுக் காட்டிடும். லாகின் இல்லாதவங்களுக்கு முதல் சில வரிகள். படிக்கும் அனுமதி உள்ளவங்களுக்கு முழு ஃபைல். ப்ரான்டூ சர்வர்ல பயன்பட்டதும் இதே ஓட்டைதான்னு கிளவுட்செக் சொல்லுது. கவனிங்க, திருத்தம் ஜனவரியிலேயே வந்தாச்சு. வங்கிகள் முடங்கினது ஜூலையில.

நீங்க ஜென்கின்ஸ் பார்த்துக்கிறவரா? அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. சர்வரை இன்டர்நெட்ல திறந்து விடாதீங்க. முக்கியமான சாவிகளைத் தனி வால்ட்ல வைங்க. ஒவ்வொரு சாவிக்கும் தேவையான அளவு அதிகாரம் மட்டும் கொடுங்க. ஓட்டை இருந்தது தெரிஞ்சா, அடைச்சதோட நிறுத்தாம உள்ள இருந்த எல்லாப் பாஸ்வேர்டையும் மாத்துங்க. படிச்சவன் ஏற்கெனவே நகல் எடுத்திருப்பான்.

போடியில ஏலம் முடிஞ்சா பணம் வர்றது வங்கிக் கணக்குக்கு. மலைக்கு ஜீப்ல போய்க் காய் எடுக்கிறவங்க கூலியும் இப்ப பாதி போன்லதான். எங்கயோ ஒருத்தர் தள்ளிப்போட்ட அப்டேட்டுக்கு, இவங்க ஏன் ஒரு நாள் கைல காசில்லாம நிக்கணும்?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.