எஃகின் பதம்

வங்காளத்தாருக்கு மலையேற்றத்தில் உள்ள ஆர்வம் பெரிது. டென்சிங் எவரெஸ்ட் சிகரம் ஏறிய மறு ஆண்டே, 1954-இல், டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றிவிட்டது. குளிர்காலம் வந்தால் கொல்கத்தா இளைஞர்கள் பாங்குராவிலுள்ள சுசுனியாக் குன்றுக்குக் கயிறும் கையுமாகப் புறப்பட்டுவிடுகின்றனர். நம் தமிழ் மாணவர் சிலரும் அவர்களோடு சேர்ந்துள்ளனர். கருவிகளின் விலையோ அதிகம்; ஹௌராவிலோ தெருவுக்குத் தெரு பட்டறை. "உடைந்த கருவியை நாமே வெல்டிங் செய்துகொண்டால் என்ன?" என்று விடுதி நண்பர்கள் கேட்டனர். பௌதிகம் பயில்பவன் என்ற முறையில் விடை கூற முயல்கிறேன்.

எஃகின் வலிமை அதன் பருமனில் மட்டும் இல்லை, பதத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கொல்லர் அரிவாளைக் காய்ச்சி நீரில் தோய்ப்பது இதற்காகத்தானே! மூன்று தையல் ஊசிகளைக் கொண்டு இதை நான் செய்து பார்த்தேன். மூன்றையும் செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். முதல் ஊசியை மெல்ல ஆறவிட்டால் கம்பிபோல் வளைந்துவிடும். இரண்டாவதை உடனே நீரில் தோய்த்தால், வளைக்கும்போது படக்கென ஒடியும். மூன்றாவதையும் தோய்த்துத் துலக்கி, நீல நிறம் தோன்றும்வரை, அதாவது சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுவரை, மீண்டும் காய்ச்சினால் அது வளைந்து நிமிரும். ஊசி ஒன்றே; மாறியது அணுக்கள் அமைந்த விதம்.

இனி வெல்டிங்குக்கு வருவோம். எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி வெப்பம் வேண்டும். உருகிய இடம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதை அடுத்துள்ள பகுதியோ ஓரிடத்தில் விரைந்து குளிர்ந்து இரண்டாம் ஊசிபோல் நொறுங்கும் தன்மை அடையும். சற்றுத் தள்ளிப் பதம் இழந்து மென்மையாகும். போதாக்குறைக்கு, வெல்டிங் குச்சியின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். கொல்கத்தாவின் மழைக்காலத்தைச் சொல்லவும் வேண்டுமா? அவ்வீரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்து, சில நாட்கள் கழித்துக்கூட விரிசல் உண்டாக்கும். கண்ணுக்கு இவை எதுவும் தெரியா.

கயிற்றை மாட்டும் காரபினர் வளையம் ஏறத்தாழ 2 டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். நாம் ஒட்டியது தாங்குமா என்று எப்படி அறிவது? இழுத்து முறித்துப் பார்க்கலாம். முறிந்த வளையத்தை யார் மாட்டுவது?

அமெரிக்கரான இவோன் சுயினார்ட் 1957-இல் பழைய உலையும் பட்டடையும் வாங்கித் தாமே பாறை ஆணிகள் அடித்தாரே என்பீர்கள். உண்மைதான். அவர் கொல்லு வேலையைக் கற்றுக்கொண்டு, குரோம்-மாலிப்டினம் எஃகு எனத் தெரிந்தே அடித்தார். நம் கையிலிருப்பது என்ன எஃகு, எவ்விதம் பதமிடப்பட்டது என்பதே நமக்குத் தெரியாது.

ஆகவே நண்பர்களே, கருவிகளைத் தொங்கவிடும் சட்டத்தைத் தாராளமாக வெல்டிங் செய்யுங்கள். பனியில் ஊன்றும் முட்கள் மழுங்கினால் கையரத்தால் தீட்டுங்கள். சாணைச் சக்கரத்தின் சூடு பதத்தைக் கெடுத்துவிடும். உயிரைத் தாங்கும் எஃகு விரிசல் கண்டால் ஒட்டவேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். புதியது வாங்கும்வரை, தரமான கருவியுள்ள சங்கத்தாரிடம் இரவல் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.