ஆற்று நீரும் கிணற்று நீரும்: உறவை எப்படி அளப்பது?

ஜனவரி, பிப்ரவரியில் கெடாவில் மழை குறைவு. வாரக்கணக்கில் வெயில் அடித்தாலும் மூடா ஆறு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது? ஒரு பகுதி பெரிஸ் அணையில் திறந்து விடுவது. இன்னொரு பகுதி, மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய நீர் மெல்லக் கசிந்து ஆற்றில் சேர்வது. இதற்கு அடிப்படை ஓட்டம் என்று பெயர்.

கருத்து விளக்கக் கட்டுரையில் மாணவர்கள் ஆற்று நீருக்கு ஒரு பத்தி, நிலத்தடி நீருக்கு ஒரு பத்தி எழுதுவார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் இருக்கும். உண்மையில் கரையோர நிலத்தடி நீர்மட்டம் ஆற்றைவிட உயரமாக இருந்தால் ஆறு நீரைப் பெறும். தாழ்ந்தால் ஆறு நீரை இழக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, நுனியில் துளையிட்ட மெல்லிய குழாயை ஆற்றுப் படுகையில் இறக்குவது. குழாய்க்குள் நீர் ஆற்று மட்டத்தைவிட மேலே நின்றால், நீர் கீழிருந்து வருகிறது என்று பொருள். ஆனால் இது திசையைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. அளவுக்கு 1856-இல் பிரான்சின் ஹென்றி டார்சி வெளியிட்ட விதி வேண்டும். துளை படுகைக்குக் கீழே 50 செ.மீ., நீர்மட்ட வேறுபாடு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சரிவு 0.1. மணலின் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 1,000 லிட்டர் கசியும். களிமண்ணின் கடத்துதிறன் 0.001 மீட்டர் என்றால் 0.1 லிட்டர்தான்! அதே சரிவுதான், மண்தான் வேறு. அதனால் மண்ணைச் சோதிக்காமல் சொல்லும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

நேரடியாகவும் அளக்கலாம். வெட்டிய தோம்பைப் படுகையில் கவிழ்த்து, அதில் பிளாஸ்டிக் பையைக் கட்டுவார்கள். பையில் முதலிலேயே கொஞ்சம் நீர் அளந்து ஊற்றணும். அப்போதுதான் நீர் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். வேகமான ஓட்டத்தில் பை ஆடி அளவு கெடும். குளம், வாய்க்காலுக்கு இது பொருத்தம்.

ரேடான் வாயுவும் உதவும். பாறை, மண்ணிலிருந்து நிலத்தடி நீரில் சேரும் இதன் அரைவாழ்வு 3.8 நாள். ஆற்றுக்கு வந்தால் காற்றிலும் தப்பிவிடும். ஆகவே ஆற்றின் ஓரிடத்தில் ரேடான் கூடுதலாக இருந்தால், அங்கே புதிதாக நிலத்தடி நீர் சேர்கிறது. குளிர்நாடுகளில் வெப்பநிலையை வைத்தே கண்டுபிடிப்பார்கள். நம்ம ஊரில் இரண்டு நீரும் ஏறக்குறைய ஒரே சூடு, அதனால் அந்த முறை இங்கே அவ்வளவு எடுபடாது.

இந்த அளவெல்லாம் எதற்கு? பினாங்கின் கச்சா நீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்தே போகிறது. ஆற்றில் மணல் அள்ளினால் படுகை தாழும், ஆற்று மட்டமும் இறங்கும். பிறகு கரையோர நிலத்தடி நீர் ஆற்றுக்கு வேகமாக வடியும். பக்கத்துக் கிணறு மழை குறைந்த மாதத்தில் சீக்கிரம் வற்றும்.

பள்ளியில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: கிணற்று நீரை விளிம்பிலிருந்து கயிற்றால் அளந்தால் மட்டும் போதாது. விளிம்பு ஆற்று மட்டத்தைவிட எவ்வளவு உயரம் என்பதும் தெரியணும். இல்லையென்றால் இரண்டு எண்ணையும் ஒப்பிடவே முடியாது.