ஒலிபெருக்கியும் வீட்டறையும்



முன்னாளில் வானொலி நிலையக் கலையகங்களுக்கே உரியதாயிருந்த ஒலிப்பதிவு வேலை, இன்று வீட்டறைக்கும் வந்துவிட்டது. ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, மொனிற்றர் எனப்படும் இரண்டு ஒலிபெருக்கிகள் ஆகியன இருந்தால், ஒரு பாட்டைப் பதிவு செய்து, குரலையும் வாத்தியங்களையும் அளவுடன் கலந்து வெளியிட்டுவிடலாம். ஆனால், கலையகத்தின் சுவர்கள் ஒலிக்கென்றே அமைக்கப்பட்டவை. நம் வீட்டுச் சுவர்களோ மழைக்கும் வெயிலுக்குமாக அமைக்கப்பட்டவை. இவ்வேறுபாட்டை உணராமையால் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை முதலிற் கூறுகிறேன்.

என் தமக்கையாரின் மகள் பாடிய மெல்லிசைப் பாடலொன்றை வீட்டிலே பதிவு செய்தேன். அறையின் நீளம் 14 அடி. சரி நடுவிலே என் கதிரை. பேஸ் கித்தாரின் ஓசை மெலிந்து கேட்டமையால் அதைக் கூட்டினேன். போதாதென்று மேலும் கூட்டினேன். அப்பாடலை உறவினர் வீட்டிலே ஒலிக்கச் செய்தபோது கூடமே அதிர்ந்தது. பிள்ளையின் பாட்டைக் கேட்கவென்று ஆவலோடு வந்திருந்த அம்மம்மா, “பிள்ளையின்ரை குரல் எங்கை?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது யாது? நம் நாட்டின் வெப்பமான காற்றிலே ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர் செல்லும். பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஆகவே அதன் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 28 அடி. அதாவது என் அறையின் நீளத்தைப்போல் இருமடங்கு. இவ்வாறு அமையும்போது, எதிரெதிர்ச் சுவர்களிற் பட்டுத் திரும்பும் ஒலி ஒன்றோடொன்று சேர்ந்து நின்ற அலையாகிவிடும். சுவரோரத்தில் அவ்வோசை ஓங்கும். நடுவிலே ஏறக்குறைய இல்லாமற்போகும். நான் இருந்தது அந்த நடுவிலேதான். இல்லாத குறையை நிரப்பப் போய், இருந்த குரலை மூடிவிட்டேன்.

ஆதலால் முதலில் தீர்மானிக்க வேண்டியது நாம் இருக்கும் இடம். ஒலிபெருக்கிகள் அறையின் நீளவாக்கில் ஒலிக்கும்படி, அகலம் குறைந்த சுவரின் பக்கமாக வைத்தல் பெரும்பாலும் நன்று. அச்சுவரிலிருந்து அறை நீளத்தில் நூற்றுக்கு 38 பங்கு தூரத்தில் கதிரையைப் போட்டுப் பார்க்கலாம். பதினான்கடி அறையில் இது ஐந்தேகால் அடியளவாகும். இது தொடக்கமேயன்றி முடிவன்று. அங்கிருந்து சற்று முன்னும் பின்னும் நகர்ந்து, தாழ்ந்த சுரங்கள் யாவும் ஒரே சீராகக் கேட்கும் இடத்தைத் தேர்ந்துகொள்க. பின்சுவரோடு ஒட்டி இருத்தல் ஆகாது.

அடுத்து, இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் இடையேயுள்ள தூரமும், அவை ஒவ்வொன்றிலிருந்தும் நம் தலைக்குள்ள தூரமும் சமமாதல் வேண்டும். உயர்ந்த ஓசையைத் தரும் சிறிய பகுதி காது மட்டத்தில் நம்மை நோக்கியிருக்கட்டும். இடச்சுவரும் வலச்சுவரும் ஒத்த தூரத்தில் இருந்தால், நடுவிற் பாடும் குரல் நடுவிலேயே நிற்கும்.

தாழ்ந்த ஓசை ஒலிபெருக்கியின் பின்புறமும் பரவும் இயல்புடையது. பின்னே மூன்றடியில் சுவர் இருந்தால், செக்கனுக்கு 94 அதிர்வை அண்டிய ஓசை அதிற் பட்டுத் திரும்பி, நேரே வரும் ஓசையை எதிர்த்து மெலிவிக்கும். ஆகையால் சிறிய அறையில், பின்புறத் துவாரம் அடைபடாத அளவு இடைவெளி விட்டுச் சுவரை நெருங்கி வைப்பதே பெரும்பாலும் மேல். அப்போது மிகும் தாழ்ந்த ஓசையை, பல ஒலிபெருக்கிகளின் பின்னுள்ள ஆளியாற் குறைக்கலாம். மூலையில் வைத்தால் அம்மிகுதி பின்னும் பெருகுமாதலால் மூலையைத் தவிர்க்க.

சுவரிலே முட்டைத் தட்டுகளை ஒட்டுவோர் உளர். அவை உயர்ந்த ஓசையைச் சிறிது மாற்றுமேயன்றி, 28 அடி நீளமான அலையை ஒன்றுஞ் செய்யா. அதிலும், பக்கச் சுவரில் ஒருவரை முகக்கண்ணாடி பிடித்து நகரச் செய்து, நம் கதிரையிலிருந்து ஒலிபெருக்கி தெரியும் இடத்தில் தடித்த மெத்தையொன்றையோ கம்பளியையோ தொங்கவிடுதல் பயன் தரும்.

இவ்வளவு செய்தும் அறை முற்றிலும் வாய்மூடாது. எஞ்சிய குறையை நாம் பழகி அறிதல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் யமஹா நிறுவனம் வீட்டுப் பாவனைக்கென வெளியிட்ட என்.எஸ்-10 என்னும் ஒலிபெருக்கி இதற்குத் தக்க சான்று. அதன் ஓசை இனிமையானதன்று என்று குறை கூறியோர் பலர். எனினும் உலகின் பல கலையகங்களில் அது இடம்பெற்றது. 2001இல் உற்பத்தி நின்ற பின்னும் அதைப் போற்றுவோர் உளர். அதன் குணத்தை அவர்கள் நன்கறிந்திருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம்.

பழகும் முறை எளிது. உங்களுக்கு நெடுநாட் பழக்கமான நான்கைந்து நல்ல ஒலிப்பதிவுகளைத் தெரிந்து, நாள்தோறும் அதே கதிரையிலிருந்து கேளுங்கள். அங்கே எது மிகுகிறது, எது மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒலியின் அளவை ஒரே நிலையில் வைத்திருங்கள். ஏனெனில், தணிந்த ஒலியில் தாழ்ந்த ஓசைகள் நம் செவிக்கு மேலும் குன்றித் தோன்றும் என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933இலேயே அளந்து காட்டியுள்ளனர். பின்பு உங்கள் கலவையைக் காதொலிக் கருவியிலும், மோட்டார் வண்டியிலும், அயல் வீட்டிலும் கேட்டு, அக்குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். சில வாரங்களில், ‘இவ்வறையில் இவ்வளவு கேட்டால் வெளியே இவ்வளவு இருக்கும்’ என்பது தானே விளங்கும்.

நானும் கதிரையை நகர்த்தி, ஒரு மாதம் கேட்டுப் பழகி, அப்பாடலைத் திரும்பக் கலந்தேன். அதே வீட்டிலே, அதே பெட்டியிலே அது ஒலித்தது. இம்முறை அம்மம்மா ஒன்றுங் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.