வாசனையும் நாய்க்கொட்டிலும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாட்காலை, அடுத்த வீட்டுக் கன்னட அன்பர் நம் வாயிற்கதவருகே நின்று, "ஸ்வல்ப வாசனெ பர்த்தா இதெ" என்று மெல்லக் கூறிச் சென்றார். பெங்களூரில் குடியேறி ஆண்டுகள் பலவாகியும் அச்சொல்லின் முழுப்பொருளை அன்றுதான் உணர்ந்தோம். தமிழில் வாசனை என்றதும் மல்லிகை நினைவுக்கு வரும். கன்னடத்தில் அடைமொழியின்றிக் கூறினால் அது பெரும்பாலும் துர்நாற்றமே. 'ஸ்வல்ப' என்பதும் இவ்வூரார் பண்பு கருதிச் சேர்ப்பது, அளவைக் குறித்ததன்று. பண்டைத் தமிழில் நாற்றம் என்பதே நறுமணத்தைக் குறித்தது எனப் புலவர்கள் நம்மைத் தேற்றலாம். அண்டை வீட்டார் மூக்கு அதனை ஏற்குமா?

குற்றம் நம் கொல்லைப்புறத்து நாய்க்கொட்டிலுடையது. இராஜபாளையத்திலிருந்து குட்டியாக வந்த வெள்ளை நாய் அதில் வளர்ந்துவருகிறது. அதனை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்னும் பேச்சும் வீட்டில் எழுந்தது. குழந்தைகள் அன்றிரவு உணவுண்ணவில்லை.

முதலில் பலரும் செய்வதையே நாமும் செய்தோம்: நாள்தோறும் பினாயிலைக் கொட்டினோம். பினாயில் நாற்றத்தைப் போக்குவதில்லை. அதன்மேல் மற்றொரு நெடியைப் போர்த்துகிறது. தன் பாதங்களை நக்கும் நாய்க்கு அது கேடும் விளைக்கும். பின்னர், கழுவாத தரைமீதே பிளீச்சிங் பவுடரைத் தூவினோம். கண்கள் எரிந்தன, நெஞ்சு அடைத்தது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு அப்பொடி சேரின் நச்சாவி கிளம்பும் என்பதை அதன்பின்னரே அறிந்தோம். கழிப்பறைக்குரிய அமிலத்தோடு அதனைக் கலப்பது இன்னும் கொடியது. குளோரின் வாயுவே வெளிப்படும்.

சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போதுதான் அம்மோனியா பிறக்கிறது. அவ்வேலைக்கு ஈரமும் நேரமும் வேண்டும். நம் கொட்டிலின் சிமெண்டுத் தரை சமதளமாயிருந்தது, வெடிப்புகளும் இருந்தன. நீர் ஓடாமல் தேங்கி உட்புகுந்தது. எனவே கொத்தனாரை அழைத்து, ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்துக் கடப்பைக்கல் பதித்து, இடுக்குகளைப் பூசச் செய்தோம். மேற்கூரையைச் சற்று உயர்த்தி, கிழக்குப் பக்கம் வெயில் புகுமாறு திறந்துவிட்டோம். செலவு ஒரு முறைதான். பயனோ அவ்வாரத்திலேயே தெரிந்தது.

நாய் படுப்பதற்குத் தரையினின்று நான்கு விரற்கடை உயர்ந்த பலகை இட்டுள்ளோம். சாக்கு இரண்டு, ஒன்று காயும்போது மற்றொன்று விரிப்பு. மலத்தை உலர்ந்த நிலையிலேயே நாள்தோறும் அள்ளிவிடுகிறோம். நாய்வயிற்று உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்த பின்னரே பிறரைத் தொற்றும் வன்மை பெறுகின்றன; ஆதலின் அன்றன்று அள்ளினால் குழந்தைகளுக்கு அச்சம் குறைவு.

தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சுவது இந்நகரில் இயலாது. 2024 மார்ச்சுப் பஞ்சத்தில், குடிநீரைக் கொண்டு வண்டி கழுவினாலே 5,000 ரூபாய் தண்டம் என அறிவித்தனர். துணி அலசிய சோப்புநீரைச் சேர்த்துவைத்து அதனால் தேய்த்துக் கழுவி, இறுதியில் மட்டும் ஒரு வாளி நல்ல நீர் விடுகிறோம். அந்நீர் பாதாளச் சாக்கடைக்கே செல்லவேண்டும். தெருவோர மழைநீர்க் கால்வாயில் விட்டால், ராஜகால்வாய் வழியே ஏதேனும் ஓர் ஏரியைச் சென்றடையும். நம் ஏரிகள் படும் பாடு போதாதா?

வாரம் ஒருமுறை, நன்கு கழுவிய பின், பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் நிறுத்தி மீண்டும் அலசுகிறோம். தரை காயும்வரை நாய் முன்வாயிலில் கட்டப்பட்டிருக்கும். 1978இல் உலகறிய வந்த பார்வோ நோய்க்கிருமி இக்கரைசலுக்கு அடங்கும்.

மழைக்காலத்தில் எலிகளையும் மறத்தலாகாது. சோற்றுத்தட்டு இரவில் வெளியே கிடந்தால் எலி வரும். அதன் சிறுநீர் ஈரத்தில் கலந்தால் எலிக்காய்ச்சல் நாயையும் பற்றும், நம்மையும் பற்றும். உலர்ந்த தரையிலும் வெயிலிலும் அக்கிருமி நெடுநேரம் உயிர்வாழாது. அதற்கு நாய்க்குத் தடுப்பூசியும் உண்டு; 1958இல் தோன்றிய ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ அழைத்துச் சென்று ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளலாம்.

மார்கழிப் பனியில் இவ்வூரில் ஒன்பது மணிக்கு முன் வெயில் உறைப்பதில்லை. ஆகவே சாக்கைப் பத்து மணிக்கே மதில்மேல் போடுகிறோம். அண்மையில் அது காற்றில் பறந்து அடுத்த வீட்டில் விழுந்தது. அன்பர் தம் கையாலேயே எடுத்துக் கொணர்ந்தார், மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.